டோக்கன் திரும்பாத வண்டி

பொங்கல் கழிந்த மறுவாரம், கொழுந்தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் ரயிலுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, சுப்பையன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என் புருசனோடு ஒரே வண்டியில், ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்குச் சயாமுக்குப் போனவர்; போனவர்களில் திரும்பி வந்த நாலு பேரில் ஒருவர். செரம்பானில் மாடு வைத்துப் பிழைக்கிறார் என்று கேள்வி. பத்து வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், உள்ளே வந்து பலகையைப் பார்த்ததும் உட்காரவே மறந்துவிட்டார்.

அந்தப் பலகையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான். மலாக்காவில் ரயில் பார்க்க வேண்டுமென்றால் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். நிஜத் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். என் கொழுந்தன் கலியாணசுந்தரம் அந்த லைனில் மலாக்கா ஸ்டேஷனில் சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தவர். சண்டை முடிந்த மறுவருஷம், முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலை கிடைத்த கையோடு, ஒரு பலகையில் ஸ்டேஷனைக் கட்ட ஆரம்பித்தார். ஒரு பலகை மூன்றாகி, மூன்று ஐந்தாகி, கூடத்தின் இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் மலாக்கா, அடுப்படிக் கதவோரம் லைனின் மறுமுனையான தம்பின். குடைக்கம்பியை நிமிர்த்தித் தண்டவாளம், பால் டின்னில் தண்ணீர்த் தொட்டி, சாயம் ஏற்றிய தேங்காய் நாரில் லாலான் புல், குச்சிகளை ரப்பர் மரமாக நட்டுக் கித்தாத் தோட்டம். ஸ்டேஷன் கூரையில் ஓடு பத்து வரிசை இல்லை, பதினொன்று என்று ஆறு வருஷம் கழித்து ஞாபகம் வந்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வேய்ந்தார். "ஊர்ல புருசங்காரன் கள்ளுக்கடைக்குப் போறான். என் புருசன் தெனம் சாயங்காலம் தம்பினுக்குப் போறாரு," என்பாள் அவர் மனைவி ஜெயா. சொல்லிவிட்டு, சாயம் காய்ச்சும் சட்டியையும் அவளே கழுவி வைப்பாள்.

வண்டி ஒன்றே ஒன்றுதான். மரத்தில் செய்த எஞ்சின். சாவி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. பின்னால் ஒரு பெட்டி. அதன் வாசலில் சுண்டுவிரல் உயரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள். அது என் புருசன் தேவதாஸ். ரயிலைச் செய்து தம்பின் ஸ்டேஷனில் வைத்த நாளிலிருந்து கலியாணசுந்தரம் அதைக் கையால் தொட்டு ஓட்டி நான் பார்த்ததில்லை.

சுப்பையன் குனிந்து அந்த ஆளையே பார்த்தார். அப்புறம் நிமிராமலே சொன்னார்.

"இத்தன வருசம் சொல்லாம இருந்தது தப்புதாங்க. நாந்தான் அவர மண்ணுல போட்டேன். மூங்கில் காட்டுக்குள்ள, ஆத்துப் பக்கமா."

"நோவா?" என்று கேட்டேன்.

"பசி. நோவும்தான், ஆனா பசிதான் மொத. கை ரெண்டும் குச்சியாட்டம் ஆயிருச்சு. கையில ஒரு கயிறு இருந்துச்சு. அதோடயே போட்டேன். அவுக்க மனசு வரல."

அந்தக் கயிறு நான் கட்டியது. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு ஆடிப்பெருக்கு அன்று தாலிக்கயிறு மாற்ற வேண்டியிருந்தது. கடையில் நூல் என்ற பேச்சே இல்லை. அன்னாசி இலையை அடித்து, நார் எடுத்து, மஞ்சளில் ஊறவைத்து நானே திரித்தேன். பாதியில் நார் தீர்ந்துபோய், என் சிவப்புச் சேலை ஓரத்திலிருந்து நாலு இழை பிரித்துச் சேர்த்தேன். மாற்றிக்கொண்டது போக ஒரு துண்டு மிஞ்சியது. மறுநாள் சயாமுக்கு ஆள் ஏற்றினார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். அந்தத் துண்டை அவர் வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். "இறுக்குது புள்ள," என்றார். இறுக்கமாக இருந்தால்தான் கழன்று விழாது என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

சுப்பையன் காப்பி குடிக்காமலே போய்விட்டார். நான் அன்றைக்கு அழவில்லை. எனக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது: பசியில் செத்த மனுசனுக்கு இன்னும் ஒரு பிடி சோறு வைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நான் கோயிலில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றிருக்கிறேன். குங்குமம் கொடுப்பவளின் கை என் முன்னால் வந்ததும் தயங்கும். அதெல்லாம் போகட்டும். அவருக்கு இலை போட வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் காரியம் செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் கலியாணசுந்தரம் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன்.

"மாசி அமாவாசைக்கு அண்ணனுக்குக் காரியம் பண்ணிரலாம் தம்பி. நீங்கதான் எள்ளுந் தண்ணியும் எறைக்கணும்."

அவர் சைக்கிள் கிளிப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, "டோக்கன் வரல அண்ணி," என்றார்.

ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி போக வேண்டுமென்றால் டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் பித்தளை வில்லை. ஜப்பான்காரன் காலத்தில் தம்பின்வரை முழு லைனுக்கும் ஒரே டோக்கன்தான். அதைக் கொண்டுபோன வண்டி திருப்பிக் கொண்டுவந்து பிளாட்பாரத்து ஆணியில் மாட்டும்வரை லைன் மூடாது. வண்டி உள்ளேதான் இருக்கிறது என்று கணக்கு. என் புருசன் போன வண்டிதான் மலாக்காவிலிருந்து போன கடைசி வண்டி. பத்தாம் நாள் தண்டவாளமே போய்விட்டது.

"நாந்தான அந்த டோக்கன எடுத்து டிரைவர் கையில குடுத்தேன்? அண்ணன் கதவுல நின்னு என்னப் பாத்துக் கையாட்டுச்சு. குடுக்காம இருந்திருந்தா வண்டி நகந்திருக்காது. இப்ப லைன மூடச் சொல்றீங்க. உள்ள இருக்கற வண்டி என்னாவும்?"

"உள்ள வண்டி இல்ல தம்பி. தண்டவாளமே இல்ல. அவரு சயாம்ல மண்ணுக்குள்ள கெடக்காரு."

"டோக்கன் வரட்டும்," என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் சட்டம் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். தூசித் துணியோடு பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

அந்த ரயிலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. சண்டை முடிந்த மூன்றாம் வருஷம் ஒரு காலை, தம்பின் ஸ்டேஷனில் தூசி தட்டும்போது, படிந்திருந்த தூசியில் சக்கரம் போன இரண்டு கோடு தெரிந்தது. வண்டி ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. கொழுந்தன் நகர்த்தியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மறு மாதமும் ஒரு விரற்கடை. அப்புறம் பலகை விளிம்பில் சுண்ணாம்பால் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு புள்ளி. தம்பினை விட்டு, நடுவழி ஸ்டேஷன் அலோர் காஜாவைத் தாண்டி, கித்தாத் தோட்டம் கடந்து, என் புள்ளிகள் ஜன்னலை நோக்கி நடந்தன. பாவம், ராத்திரியில் எழுந்து அண்ணனைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கூட்டி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டு அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை.

அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் பலகைக்கு அடியில் புகுந்து சுவர்ப்பக்கம் எழுந்தேன். அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. அங்கே கொழுந்தன்தான் உட்கார்ந்து வேலை செய்வார். விளிம்பில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே தேதி, அவருடைய குண்டு எழுத்தில். ஏழு வருஷத்துக் கோடுகள். என் சுண்ணாம்புப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே ஒரு கோடு.

சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவியதும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் புள்ளிகளைப் பார்த்தார். குனிந்து தன் கோடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"நீங்கதான் நகத்துறீங்கன்னு இருந்தேன் அண்ணி," என்றார். "ஆசையில செய்றாங்க, கேக்கக் கூடாதுன்னு."

நகர்த்தியது ஜெயாவும் இல்லை, அவளுக்கு அந்தப் பலகையைத் தொட்டாலே எரிச்சல். பிள்ளைகளுக்கு எட்டாது. அடுப்படியிலிருந்து அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வண்டி இப்போது மலாக்காவுக்கு வெளியே, பிளாட்பாரத்துக்கு ஒரு சாண் முன்னால், சிக்னல் கம்பத்தடியில் நின்றது. போன வருஷம் முழுக்க அதே இடம்தான். சிக்னலின் சிவப்புக் கை எழும்பியே இருந்தது.

கை கழுவும்போது கேட்டேன். "ஏன் அங்கயே நிக்குது?"

"சிக்னல் எறங்காம வண்டி எப்படி வரும்?"

"அப்ப எறக்குங்க தம்பி."

அவர் தலையை ஆட்டினார். "கை வரமாட்டேங்குது அண்ணி. எறக்குனா வந்துரும். வந்து, ஏன்டா அன்னைக்கி டோக்கன் குடுத்தன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டமெல்லாம் பேச்சுக்கு, மனிதருக்குப் பயம்.

பிப்ரவரியில், பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத்துக்கு நாள் சொல்லப்போகிறார்கள் என்று ஒரு காலையில் காஜா பேராங்கே காலியானது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் லாரியில் போனார்கள். எங்கள் வீட்டிலும் ஜெயா பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை மாட்டிக் கூட்டிப் போனாள். கலியாணசுந்தரம் முனிசிபாலிட்டி ஆட்களோடு முன்னாலேயே போய்விட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் இருந்துகொண்டேன். அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம்.

வெயில் ஜன்னல் வழியாக நேராக மலாக்கா பிளாட்பாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே சடக்கில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. சிக்னல் கை தையல் நூலில் கட்டியிருந்தது. நூலின் நுனி பலகை ஓரத்தில் ஒரு ஆணியில் சுற்றியிருந்தது. எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசலில் பசியோடு ஒருவரை ஒரு வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது, பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

"யாரும் ஒண்ணும் கேக்க வேணாம். உள்ள வாங்க," என்றேன். நூலை அவிழ்த்து விட்டேன். சிவப்புக் கை கீழே இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். அரிசி களையும்போது திடல் பக்கமிருந்து காற்றில் ஒரு சத்தம் வந்தது, ஆயிரக்கணக்கான பேர் ஒரே வார்த்தையைக் கத்துகிற சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, மறுபடியும். அது ஓய்ந்ததும் கூடத்திலிருந்து மஞ்சள் வாசனை வந்தது. அரைத்த மஞ்சள் இல்லை. ஈரநாரில் ஊறிய மஞ்சள். அந்த வாசனையை நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் முகர்ந்திருக்கிறேன்.

கையைத் துடைக்காமல் போய்ப் பார்த்தேன். வண்டி பிளாட்பாரத்தில் நின்றது. பெட்டி வாசலில் ஆள் இல்லை. டோக்கன் மாட்டுவதற்கென்று கலியாணசுந்தரம் பத்து வருஷத்துக்கு முன்னால் அடித்து வைத்த, ஒருநாளும் எதுவும் தொங்காத அந்தக் குட்டி ஆணியில் ஒரு வளையம் தொங்கியது. அந்த ஸ்டேஷனுக்கு ரொம்பப் பெரிய வளையம். பிளாட்பாரத்தில் கிடந்து, தண்டவாளத்தைத் தாண்டி வழிந்தது. அன்னாசி நார், நடுவில் நாலு இழை சிவப்பு.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் கதவுச் சத்தம் கேட்டது. கலியாணசுந்தரம் முதலில் வந்துவிட்டார். சட்டையில் யாரோ குத்திவிட்ட காகிதக் கொடி. உள்ளே இரண்டு அடி வைத்தவர் பார்த்துவிட்டார். தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்டேஷனில் டோக்கன் வாங்க நிற்பதுபோல் நேராக நின்று, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார். கண்ணீர் மோவாய்வரை இறங்கியது.

நான் வளையத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். ஈரமாக இருந்தது. அறுத்த இடம் எங்காவது இருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவினேன், இல்லை. அவிழ்த்துக் கட்டியதாகவும் இல்லை. நான் போட்ட மூன்று முடிச்சும் போட்டபடியே இருந்தன. இறுக்குது புள்ள என்று அவர் சொன்ன அதே அளவில், ஒரு நார்கூடத் தளராமல், குச்சியாகிப்போன கையிலிருந்து தானாகக் கழன்று வந்திருந்தது.

அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரத்தின் கைகள் நீட்டியபடியே இருந்தன.