ஓடித் திரிகிற நோவு

திங்கட்கிழமை எட்டு வயதுச் சஸ்மிகாவின் வலது முழங்கால் வீங்கியது. புதன்கிழமை அது வற்றி, இடது முழங்கை வீங்கியது. அதைக் கண்டதும் அப்பம்மா ஞானமணிக்கு முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தியாகா, ஓடுது! பூசாரியார் நூல் கட்டின உடன கால விட்டுட்டுக் கைக்கு ஓடிட்டு. வெள்ளிக்கிழமை சாமிக்கு மடை வெச்சாப் புள்ளைய விட்டே போயிரும்."

கலாஜினி மாமியாரைத் தாண்டிப் பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். மகளின் முழங்கையில் விரலை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி போலச் சுட்டது. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு அழுதாள்.

அந்த நோவைக் கலாஜினிக்குத் தெரியும். சண்டையில் வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் படுத்தெழும்பிய காலத்தில், அவளும் இதே வயதுக்காரி. முதலில் தொண்டை நொந்தது. பிறகு காய்ச்சல். பிறகு முழங்காலில் இருந்து கணுக்காலுக்கு, அங்கிருந்து மணிக்கட்டுக்கு என்று நோவு ஓடித் திரிந்தது. ஓடுகிறது என்றால் பேய்தான் என்று முகாமில் ஒருவர் நூல் கட்டினார். சில கிழமைகளில் வீக்கமெல்லாம் வற்றியது. தாய் பொங்கல் வைத்தாள்.

அது எங்கே போய் ஒளிந்தது என்பது, சஸ்மிகாவை வயிற்றில் சுமந்தபோதுதான் தெரிந்தது. கிளினிக்கில் டொக்டர் அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஞானமணி நின்றாள். "இல்ல டொக்டர்" என்றாள் கலாஜினி. அவர் நம்பவில்லை. மட்டக்களப்புக்குப் போய் இருதயத்தை ஸ்கேன் பண்ணச் சொன்னார். அவள் போகவில்லை. இரத்தம் குறைவாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். கலாஜினியின் தாயிடம் கொடுக்க வீடும் இல்லை, அதைக் கட்ட வளவும் இல்லை. இவளைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று ஜதுர்சன் ஒற்றைக்காலில் நின்றபோது, அவன் தாய் ஞானமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வீடு வேணாம். உடம்புல நோய்நொடி இல்லாத புள்ளதானே?" கலாஜினியின் தாய் ஓம் என்று தலையை ஆட்டினாள். அப்படி, வீடில்லாமல் மாமியாரின் வீட்டுக்கு வந்தவள் அவள். அவள் கொண்டு வந்த சீதனம் அந்தத் தலையாட்டல்தான்.

அதன்பிறகு எல்லாவற்றையும் ஒளித்தாள். கிணற்றடியில் இருந்து வரும் வழியில் குடத்தை இறக்கிவைத்துக் கொண்டையைச் சரிசெய்வது போல மூச்சு வாங்கினாள். நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டியதால், கணவனின் பழைய மீன்வலையைச் சுருட்டித் தலைக்கு உயரமாக வைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளையோடு நின்றதற்கும் வேறு காரணம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் சஸ்மிகா முற்றத்தில் நாலு அடி வைத்துவிட்டுக் குந்தினாள்.

"அம்மா, இப்ப நெஞ்சுக்குள்ள ஓடுது. படபடவெண்டு ஓடுது."

கலாஜினி முற்றத்துக்கு ஓடினாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மாமி, நான் இவள வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்போறன்."

ஞானமணி மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நூலோட காயான்கேணிப் பாலத்தத் தாண்டப்போறியா? விசராகா உனக்கு? மடை வைக்க முதல் தண்ணியத் தாண்டினாக் கட்டு அறுந்திரும். மறுகா பேய ஆராலயும் பிடிக்கேலாது. அவன் கடலால வரட்டும், கேட்டுப் போட்டுப் போ."

ஜதுர்சன் ஆழ்கடல் படகில் போயிருந்தான். அவனுடைய போன் வேலை செய்யாது.

"அதுக்குள்ள இவளுக்கு என்னவும் ஆகிட்டா மாமி?"

"என்ன ஆகப்போகுது? உனக்கும் இதுதானே வந்ததாம்? உன்ட அம்மாதான் நேத்துப் போன்ல சொன்ன. நூலாலதானே மாறிச் சுகமானாய்? இப்ப பாரன், பனமரம் மாதிரி நிக்கிறாய்."

"நான் மாறல்ல மாமி."

ஞானமணி நிமிர்ந்து பார்த்தாள். கலாஜினி பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். தூக்கி வந்த களைப்பில் அவளுடைய தோள்கள் ஏறி இறங்கின. இந்தத் தடவை கொண்டையைத் தொடவில்லை. மாமியாரின் செதில் ஒட்டிய கையைப் பிடித்து இழுத்துத் தன் இடது மார்புக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

கரைக்குக் கிட்ட வரும் வள்ளத்தின் பலகையில் கைவைத்தால் எஞ்சின் அதிர்வது தெரியும். ஞானமணி அந்த அதிர்வோடு வாழ்ந்தவள். அவள் கையை இழுக்கப் பார்த்தாள். கலாஜினி விடவில்லை.

"என்னகா இது?"

"மூட்டுல இருந்து போனதுதான் மாமி. உடம்ப விட்டுப் போகல்ல. இஞ்ச வந்து இரிக்கி."

ஞானமணியின் முகத்தில் முதலில் பயம் வந்தது, பிறகு கோபம். "நோய்க்காரிய எங்கட தலையில கட்டிட்டாள் உன்ட அம்மா! நான் ஒண்டே ஒண்டு கேட்டனான்... ஒண்டே ஒண்டு!"

பாயில் கிடந்த சஸ்மிகா இருமினாள். ஞானமணி வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். தன் உடுப்புகளை வெளியே வீசத்தான் போகிறாள் என்று கலாஜினி நினைத்தாள். வாசலைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஞானமணி கையைக் கழுவி, பிள்ளைக்குப் போர்க்க ஒரு துவாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சாமித்தம்பி! டேய், ஓட்டோவ எடுடா, கெதியா!" என்று பக்கத்து வளவைப் பார்த்துக் கத்தினாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாலத்தடியில் மாடுகள் குறுக்கே வந்ததால் ஓட்டோ மெதுவானது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கலாஜினி அந்தத் தண்ணீரையே பார்த்தாள். மாமி சொன்னது உண்மையாக இருந்தால்? கட்டு இந்த இடத்தில் அறுந்தால்? ஞானமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நூல் கட்டியிருந்த பிள்ளையின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள், தண்ணீரின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது போல. ஓட்டோ அக்கரையில் ஏறிய பிறகும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் றிஸ்னா நூலைப் பார்த்தார். அதை மெல்ல ஒதுக்கினார். முழங்கையை அமுக்கிப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், குழாயை நெஞ்சில் வைத்தார். கலாஜினி அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறை சுருங்கியது.

"இருதயத்துல சின்னச் சத்தம் ஒண்டு கேக்குது. வார்டுல வெச்சிருப்பம். ஸ்கேன் எடுத்தாத்தான் எவ்வளவு எண்டு சொல்லலாம். இனி மாசா மாசம் ஊசி போடணும். வளந்து பெரிய ஆளாகும் வரைக்கும். ஒண்டையும் விடக்கூடாது."

"விட்டா?" என்று கேட்டாள் ஞானமணி.

"விட்டா இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தரமும் இருதயத்துக் கதவுகள் தடிச்சுக்கிட்டே போகும். சின்னதுல ஒண்டும் தெரியாது. கலியாணம், புள்ள எண்டு ஆனப்புறம்தான் மூச்சு முட்டத் தொடங்கும்." அவர் எழுதத் தொடங்கினார். "வீட்டுல வேற ஆருக்கும் இப்படி வந்ததா?"

'இல்ல டொக்டர்' என்பது பழக்கத்தில் கலாஜினியின் வாய்வரை வந்து நின்றது. பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு" என்றாள்.

டொக்டரின் பேனா நின்றது. ஞானமணி பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, கலாஜினியின் முதுகில் கைவைத்துத் தள்ளிக் கதிரையில் உட்கார வைத்தாள்.

"இவளையும் பாருங்க டொக்டர். நான் கைய வெச்சுப் பாத்தனான். எஞ்சின் மாதிரி அடிக்கிது."

குழாயின் வட்டம் குளிர்ந்தது. மகளிடம் கேட்டதை விட அதிக நேரம் கேட்டார். ஓரிடத்தில் வைத்து எடுத்தார். திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கலாஜினியால் இப்போது அந்த முகத்தில் எதையும் பார்க்க முடியவில்லை.

"மூச்ச இழுத்துக் கொஞ்சம் பிடிங்க" என்றார் டொக்டர்.

கலாஜினி இழுத்தாள். பிடிக்க முடியவில்லை.