ஆறாவது கட்டில்

அயர்லாந்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில்கள். சுற்றிலும் ஆட்டு மேய்ச்சல். ஒரு திங்கள்கிழமை காலை ஆறாவது கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். எங்கள் ஊர் பள்ளியாடியில் இருக்க வேண்டியவள்.

"எப்பிடிம்மா வந்த?"

"வடசேரியில பஸ் ஏறினேன் மக்களே. எடையில ஒரு எடத்துல மாறணும். சீட்டு கெடைக்கல. நின்னுட்டுதான் வந்தேன்."

மூன்று வருடமாக நான் ஊருக்குப் போகவில்லை.

"ஒனக்கு லீவு தரமாட்டாங்கன்னு சொன்னேல்லா. அதான் நானே வந்தேன்."

உண்மையில் நான் லீவு கேட்கவே இல்லை.

அவளுக்கு மூச்சு வாங்கியது. விரலில் கருவியை மாட்டினேன். ஆக்சிஜன் எண்பத்து நான்கு. மாஸ்க் எடுக்க ஓடினேன். தலைமை நர்ஸ் நோரா அலமாரியைப் பூட்டிக்கொண்டு நின்றாள்.

"சொந்தக்காரர்களுக்கு நீ சிகிச்சை தரக் கூடாது."

"வேறு யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"நீங்கள்?"

"நான் சாவிக்கு மட்டும்தான்."

ஒரு படிவம் நீட்டினாள். 'இந்த நோயாளி எனக்கு எந்த உறவும் இல்லை.' கீழே ஜெபசீலி என்று என் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. யோசிக்க ஒரு நிமிடம் தந்தாள். அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். மீதி அரை நிமிடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாஸ்க் வைத்ததும் அம்மாவுக்கு மூச்சு சீரானது. கண்ணைத் திறந்தாள்.

"ரொம்ப நன்றி சிஸ்டர். ஒங்களுக்கு எந்த ஊரு?"

"பள்ளியாடி."

"நானும் அங்கதான். ஒங்கள பாத்ததே இல்லியே."

போர்வையைச் சரிசெய்தேன்.

"எனக்குப் பிள்ளைங்க கெடையாது சிஸ்டர். இருந்திருந்தா நர்சுக்குத்தான் படிக்க வச்சிருப்பேன்."

நோராவிடம் போனேன். படிவத்தை ரத்து செய்ய வேண்டும் என்றேன்.

"செய்யலாம். நோயாளியின் உறவினர் வந்து கேட்க வேண்டும்."

"நான்தான் அவர் மகள்."

அவள் என் கையெழுத்தைக் காட்டினாள். அழகான கையெழுத்து என்றாள்.

வியாழக்கிழமை அம்மாவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. எனக்கு அது போதவில்லை. ஒரு மணி நேரம் நடந்திருப்போம். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள். அம்மா என்று கூப்பிட வாயெடுத்தேன். 'மேடம்' என்றுதான் வந்தது.

வார்டில் யாரோ மணி அடித்தார்கள்.

"நீங்க போங்க சிஸ்டர்," என்றாள். "பாவம், யாருக்கோ என்னமோ."

கையை விட்டேன். திரும்பி ஓர் அடிதான் வைத்தேன். வார்டு வந்துவிட்டது.