மாப்பிள்ளையின் இரும்புக் கப்பல்

அந்த இரும்புப் பூதத்தை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரிய கங்காணி திருநாவுக்கரசுக்கு நாக்கு நமநமத்தது. ஆனால் மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்ட முடியுமா? பெண்ணைக் கொடுத்தவர் அப்படி வாயைத் திறக்க முடியாது. அதனால் மகளைத்தான் கேட்டார்.

“மயிலு, உன் வீட்டுக்காரரு மெய்யாவே இதுக்குள்ள உக்காந்து கடலுக்கு அடியில போவப் போறாரா?”

“போயிட்டு வந்துருவாருப்பா.”

“திரும்பி வரத்தானே போறாரு? போவாமலே இருந்துட்டா என்னவாம்?”

மாப்பிள்ளை நல்லசாமி ரப்பர் ஆலையில் ஃபிட்டர். கழித்துப் போட்ட பாய்லர் கூட்டை வெட்டி, ஒட்டி, லாரி விளக்குக் கண்ணாடியை முகப்பில் பதித்து, சைக்கிள் பெடலோடு விசிறி ஒன்றைப் பொருத்தி, ஒரே ஆள் உட்காரும் நீர்மூழ்கி ஒன்றை இரண்டு வருஷமாகச் செய்திருந்தார். தோட்டத்துத் துரைக்கு அதில் ஒரே குஷி. ஞாயிற்றுக்கிழமைக்கு டிராக்டரும் கொடுத்தார், பாஸும் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். உள்ளே உணவுப் பொருள் எதுவும் இல்லை என்று கங்காணி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று, ஒரு பிடி அரிசியைக் கூடத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். திருநாவுக்கரசு கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷமாக அவர் சொன்ன சொல்லை எந்தத் துரையும் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான்.

கேட்டில் காவலுக்கு நின்ற மலாய் போலீஸ் கோப்ரல் அந்தக் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூடியைத் தட்டினார்.

“திற.”

மூடியில் எட்டு போல்ட், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஸ்பேனரால் திருகும்படி. நல்லசாமி சட்டைப்பையைத் தடவினார், கால்சட்டைப்பையைத் தடவினார், வானத்தைப் பார்த்தார்.

“ஸ்பேனரு ஆலையிலயே இருக்கு மாமா.”

டிராக்டர் ஓட்டி ஆரோக்கியநாதன் தலையில் அடித்துக்கொண்டான். “ஃபிட்டரண்ணே, கடலுக்கு அடியில போயி இப்படி எதையாச்சும் மறந்து வச்சிட்டா, யாரு ஓடிப்போயி எடுத்தாறது?”

அவனே ஓடிப்போய் எடுத்துவந்தான். அதற்குள் பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லாரியும் நின்றுவிட்டன. பஸ்ஸிலிருந்து யாரோ, “குண்டா, அண்டாவா?” என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. திருநாவுக்கரசு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ரப்பர் மரங்களை எண்ணுகிறவர்போல் நின்றார்.

மூடி திறந்தது. கோப்ரல் இடுப்புவரை உள்ளே நுழைந்தார். வெளியே வந்தபோது கையில் ஒரு பித்தளைப் படி இருந்தது. அதில் கோபுரமாகக் குவிந்த அரிசி. உச்சியில் மஞ்சளும் குங்குமமும்.

“பெராஸ்!” என்றார் கோப்ரல். அரிசி என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் அன்றைக்கு ஆள் நடுங்குவான்.

“மாமா, அது மயிலு வச்சது...” நல்லசாமியின் குரல் இறங்கிப்போனது. “புதுசா புறப்படற வண்டி வெறும் வயித்தோட போவக்கூடாதுன்னு, நெறநாழி வச்சா. லயத்துல வீட்டுக்கு ஒரு பிடி போட்டாங்க.”

லயத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும் தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் தெரியவில்லை.

கோப்ரல் சிரித்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். “கங்காணி, இது காட்டுக்குப் போற அரிசின்னா உங்கள உள்ள தூக்கிப் போடணும். இதுல ஏறிக் கடலுக்குப் போறீங்கன்னா, நீங்க எல்லாம் பைத்தியம். பைத்தியத்த வீட்டுக்கு அனுப்பிடலாம்லா. எதுன்னு சொல்லு.”

“பைத்தியம்னே வச்சிக்குங்க சார்,” என்றார் நல்லசாமி அவசரமாக.

திருநாவுக்கரசுக்கு உச்சந்தலைவரை ஏறியது. “எங்க குடும்பத்துல திருடனும் கிடையாது, பைத்தியமும் கிடையாது. கோப்ரல், நீங்களே வண்டியில ஏறுங்க. அரிசியும் கூட வரட்டும். இது கப்பலா இல்லையான்னு வந்து பாருங்க!”

கோப்ரல் கேட்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, படியோடு டிரெய்லரில் ஏறிக்கொண்டார். தன் வாயா அப்படிச் சொன்னது என்று, சி ரூசா கடற்கரை போய்ச் சேரும்வரை அவர் வியந்துகொண்டிருந்தார்.

கடற்கரையில் டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். இடது சக்கரம் அச்சுவரை மணலில் புதைந்தது. கயிற்றை அவிழ்த்ததும், கப்பல் கடலைப் பார்த்துச் சரியாமல் கரையைப் பார்த்துச் சரிந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர் வந்து தோள்கொடுத்தார்கள். கங்காணியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவர் யாருடைய உத்தரவுக்கும் அப்படிக் குனிந்து தள்ளியவரல்லர்.

நல்லசாமி ஸ்பேனரோடு உள்ளே புகுந்து மூடியைத் திருகிக்கொண்டார். கப்பல் மிதந்தது. தேங்காய் மாதிரி மிதந்துகொண்டே இருந்தது.

“இது மேல போற கப்பலா?” என்றார் கோப்ரல்.

அப்போது உள்ளே தண்ணீர் புகும் குழாயை மாப்பிள்ளை திறந்திருக்க வேண்டும். களக், களக் என்று சத்தம் வந்தது. மூக்கு முதலில் போனது, பிறகு மூடி போனது. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

மார்பளவு தண்ணீரில் நின்ற திருநாவுக்கரசுக்கு அரிசி மறந்தது, கையெழுத்தும் மறந்தது. “மாப்பிள்ளே!” என்று ஊரே கேட்கக் கத்தினார். கோப்ரல் பூட்ஸோடு இறங்கி ஓடிவந்தார்.

முப்பது கஜம் தள்ளி, கரையைப் பார்த்தபடி கப்பல் எழும்பியது. மூடி திறந்தது. நல்லசாமி தலையை நீட்டி, முதலில் வாந்தியெடுத்தார்.

“மாமா, அடியில ஒண்ணுமே தெரியல. ஒரே சேறு.”

“ரெண்டு வருஷம்!” என்றார் மாமனார். “சேத்தைப் பாக்க ரெண்டு வருஷம்!”

கோப்ரல் படியைத் தண்ணீரில் கவிழ்த்தார். “நான் எதையும் பாக்கல. போங்க.”

திரும்பும் வழியில் நல்லசாமி மெதுவாகச் சொன்னார். “கோப்ரலே விட்டுட்டாரு. இனிமே யாருக்கு மாமா தெரியப்போவுது?”

திருநாவுக்கரசு ஆரோக்கியநாதனின் தோளைத் தட்டினார். “துரை பங்களாவுக்கு விடு.”

“துணி மாத்திக்கிட்டுப் போலாமே ஐயா?”

“விடுன்னா விடு.”

துரை வராந்தாவில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். ஈரம் சொட்ட நின்றவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். “கங்காணி! முழுகிச்சா?”

“முழுகிச்சு. நான் அதுக்கு வரல. உள்ள ஒரு படி அரிசி இருந்திச்சு. நான் இல்லன்னு எழுதிக் குடுத்தேன்.”

துரையின் முகம் மாறியது. “யார் வைத்தது? கேட்டில் பார்க்கவில்லையா?”

“கேட்டப் பத்திக் கேக்காதீங்க. என் வீட்டுல வச்சது. வீட்டுக்குப் பெரியவன் நான்.”

துரை ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, ஒரு மாதத்துக்குக் கங்காணி கேட்டைத் தாண்டக் கூடாது என்று, மனமில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திருநாவுக்கரசு தாளை வாங்கி, கண்ணுக்கு அருகில் பிடித்து ஒரு வரி விடாமல் பார்த்துவிட்டு, மேசைமேல் திருப்பி வைத்தார்.

“தேதி போடல துரை.”