சகலை பெயரில் ஒரு லோடு

பெண் எடுத்த வீட்டில் அவருக்குப் பெயர் சின்ன மாப்பிள்ளை. வயது நாற்பத்தொன்று ஆகிறது, முன்மண்டையில் முடி கிடையாது, சொந்தமாக ஒரு லாரி இருக்கிறது. இருந்தும் சின்ன மாப்பிள்ளைதான். மூத்த பெண்ணைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளையாக ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டார். அவரும் லாரிக்காரர். இவருக்கு ஒரு வண்டி, அவருக்கு மூன்று. இவர் லோடு தேடி அலைவார், அவரை லோடு தேடி வரும். மாமனார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி பெரியவருக்கு, செருப்புக்குப் பக்கத்து நாற்காலி இவருக்கு. அங்கே உட்கார் என்று யாரும் சொல்வதில்லை. அது தானாக அப்படி அமைந்துவிடும். அதுதான் இன்னும் எரிச்சல்.

‘யாரைப் பார்த்தும் பொறாமைப்படுகிற ஆள் நான் இல்லை’ என்று சொல்லிக்கொள்வார். பாதி உண்மை. மற்றவர்கள் மாடி மேல் மாடி கட்டினாலும் அவருக்குக் கவலையில்லை. சகலை ஒரு புதுச் சட்டை போட்டால் மட்டும் வயிறு எரியும்.

மனைவிக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

“அக்கா வீட்டுக்காரர் மூணு வண்டிக்கும் டயர் மாத்திட்டாராம்.”

“அவருக்கென்ன, ராஜா.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“நீ பேச்சுக்குச் சொல்றது எல்லாம் எனக்கு நெஞ்சுல வந்து குத்துது.”

சகலையின் சொத்தே அந்த டைல்ஸ் கம்பெனி லைன்தான். ஃபாக்டரியில் ஏற்றி, நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடங்கில் இறக்க வேண்டும். வாரம் நாலு நடை, வருஷம் முழுக்க. இடையில் இருக்கும் புரோக்கர் ஆபீஸ் அந்த நாலு நடையையும் அவருக்கே கொடுத்தது. இவரும் ஒரு தடவை மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பினார். “இப்போதைக்கு என் வண்டிக்கே சரியா இருக்கு, தம்பி. இருந்தா சொல்றேன்” என்று பதில் வந்தது. அந்த ‘இருந்தா சொல்றேன்’ வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அப்படி இருக்கும்போதுதான் டிரைவர்கள் போன் குரூப்பில் ஒரு நாள் காலையில் அதே ஃபாக்டரி, அதே கிடங்கு, உடனே வண்டி வேண்டும் என்று ஒரு செய்தி. கீழே ஒரு நம்பர். சின்ன மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு நம்பரை அழுத்தினார்.

“புரோக்கர் ஆபீஸ்லேருந்துதான் பேசறேன்” என்றது ஒரு மென்மையான குரல். “இப்போ ஓட்டறவங்களை மாத்தலாம்னு இருக்கோம். அவங்களுக்கு கிலோமீட்டருக்கு நாற்பத்தஞ்சு கொடுத்துட்டு இருக்கோம், கட்டுப்படியாகலை.”

நாற்பத்தஞ்சு! இவருக்கு முப்பத்தெட்டு கிடைத்தாலே பெரிய விஷயம்.

“நான் நாற்பதுக்கு ஓட்டறேன்” என்றார்.

“சரி. ஒரே ஒரு விஷயம். கேட்ல இன்னும் பழைய கம்பெனி பேருதான் பதிவுல இருக்கு. உங்க வண்டி நம்பரை நான் கொடுத்திடறேன். நீங்க அந்தப் பேரையே சொல்லி, அந்தப் பேர்லயே கையெழுத்துப் போட்டுடுங்க. அடுத்த மாசம் உங்க பேருக்கு மாத்திக்கலாம்.”

பழைய கம்பெனி பெயர் என்ன என்று இவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லையே. சகலையின் சீட்டு கிழிகிறது, கிழிந்த சீட்டு நேரே தன் மடியில் விழுகிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷத்தில் வாயைக் கொப்பளித்துவிட்டு, அந்த நம்பருக்கு ஒரு செய்தியும் தட்டிவிட்டார். தட்டியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. கோபத்தில் எழுதுகிறவனும் பொறாமையில் எழுதுகிறவனும் திரும்பப் படிப்பதில்லை.

ஃபாக்டரி வாசலில் பதினோரு லாரிகள் வரிசையில் நின்றன. இவர் வழக்கம்போல் பன்னிரண்டாவதாக நிறுத்தி, இறங்கிப் போய்ச் சகலையின் கம்பெனி பெயரைச் சொன்னார். காவல்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அவங்க வண்டியா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நேரா உள்ள போங்க.”

பதினோரு டிரைவர்கள் முறைத்துப் பார்க்க, வண்டி உள்ளே போனது. அந்த முறைப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த முறைப்பு. இத்தனை வருஷம் அவர் முறைத்த முறைப்பு. இப்போது முதல்முறையாக அதை வாங்கிக்கொள்கிற பக்கம் நின்றார். என்ன சுகமாக இருந்தது!

உள்ளே லோடு ஏற்றுகிற மேஸ்திரி அதைக் கெடுத்தார். “புது டிரைவரா? கொடுத்து வச்சவன்யா நீ. உங்க முதலாளி தங்கமான மனுஷன்.”

சின்ன மாப்பிள்ளை முதலாளி என்ற அந்த வார்த்தையைக் கசப்பு மருந்தாக விழுங்கினார். ஒரு மாதம் பொறு, இதே கேட்டில் என் பெயரைச் சொல்லி வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, ரசீதில் சகலையின் கம்பெனி பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அந்த இடத்தில் ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம். ‘அண்ணே, உங்க பேர்ல ஏத்தறேன், தெரியுமா?’ என்று ஐந்து வார்த்தை. போடவில்லை.

சரக்கு ஒரு டைல் உடையாமல் போய் இறங்கியது. கிடங்கில் முத்திரை போட்ட ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். “ரொம்ப நன்றி” என்று வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் மணி அடித்தது. இரண்டாவது வாரம் ‘வேறு அழைப்பில்’. மூன்றாவது வாரம் அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை. டீசல் கடனுக்குப் போட்டது, வண்டித் தவணை இரண்டு நிலுவை. இன்னும் ஒரு தவணை தவறினால் பைனான்ஸ்காரர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ரசீதின் தலைப்பில் இருந்த முகவரியைப் பிடித்துப் புரோக்கர் ஆபீஸுக்கே போனார்.

மேனேஜர் ஒரு அம்மாள். கணினியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“இந்த நடைக்கு அன்னைக்கே பணம் போட்டாச்சே. கம்பெனி அக்கவுண்ட்டை மாத்தி லெட்டர் வந்தது, அந்தப் புது அக்கவுண்ட்ல போட்டோம். நீங்க யாரு?”

இவர் சகலை உறவைச் சொன்னதும், மறுநாள் காலை அவரையும் வரச் சொன்னார்கள். அந்தச் சின்ன அறையில் மூன்று நாற்காலி. மின்விசிறி மேனேஜர் தலைக்கு மேல். சகலை கதவோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. பத்து வருஷமாக இந்தக் காட்சிக்காகத்தான் சின்ன மாப்பிள்ளை காத்திருந்தார்.

“நான் எந்த லெட்டரும் அனுப்பலைங்க” என்றார் சகலை. “யாரோ என் பேர்ல லோடை எடுத்து, வேற வண்டியில ஏத்தி அனுப்பியிருக்கான்.”

“வேற வண்டின்னா, உங்க சகலை வண்டி” என்றார் மேனேஜர். “எங்க லோடை வாங்கி இன்னொருத்தருக்குக் கைமாத்தினா அந்த லைன் கட். அது உங்களுக்குத் தெரியும்.” இவர் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. அவர்தானே உங்ககிட்ட கொடுத்தார்? ஆமான்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. அவருக்குத் தர வேண்டியதைப் பிடிச்சு உங்க வாடகையை இன்னைக்கே போட்டுடறோம்.”

ஒரு ‘ஆமாம்’. தவணை கட்டிவிடலாம், வண்டி மிஞ்சும், அந்த லைன்கூடக் காலியாகிவிடும். எனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டு கண் போகட்டும் என்பார்கள். இங்கே தன் கண்ணுக்கு ஒரு சேதமும் இல்லை. பேனா மேசை மேல் தயாராக இருந்தது. எடுத்தும்விட்டார்.

அப்போதுதான் சகலை தலையைத் தூக்கினார்.

“அவன் பொய் சொல்ல மாட்டான் மேடம். தம்பி என்ன எழுதறானோ, நான் அதுக்குக் கட்டுப்படறேன்.”

சின்ன மாப்பிள்ளைக்குச் சுர்ரென்று ஏறியது. இங்கேயுமா? நடுத்தெருவுக்கு வந்த நிலையிலும் பெரிய மனுஷன் நாற்காலி இவருக்குத்தானா? நான் பொய் எழுதினால், காலத்துக்கும் இவர் நல்லவர், நான் அயோக்கியன். அந்த ஒன்றையாவது இவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. பேனாவைப் போட்டுவிட்டுப் போனை எடுத்து, அந்தச் செய்தியைத் திறந்து, மேனேஜர் முன்னால் தள்ளினார்.

“இதைப் படிங்க. தேதியும் இருக்கு.”

அந்த அம்மாள் மனதுக்குள் படித்திருக்கலாம். வாய்விட்டே படித்தார்.

“‘நான் நாற்பதுக்கே ஓட்டறேன். இனிமே எல்லா நடையும் எனக்கே கொடுங்க. சகலைக்குத் தெரிய வேண்டாம். அவர் ஆளு சரியில்லை.’”

சின்ன மாப்பிள்ளைக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“அவருக்குத் தெரியாதுன்னு இதுலயே இருக்கு” என்றார் மேனேஜர், குரலை இறக்கி. “அவர் லைன்ல நாங்க கை வைக்கலை. ஆனா உங்க வாடகையை நாங்க ரெண்டாவது தடவை தர முடியாது. போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருங்க.”

வெளியே வந்து இருவரும் படிக்கட்டில் நின்றார்கள். சகலை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் வேறொன்றைக் கேட்டார்.

“எனக்கு எவ்வளவு தர்றதாப் போன்ல சொன்னான் அவன்?”

“நாற்பத்தஞ்சுண்ணே.”

சகலை சிரிக்க ஆரம்பித்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அடக்க மாட்டாமல் சிரித்தார்.

“தரப் போறவனா இருந்தாத்தானே கணக்குப் பார்த்துச் சொல்வான். தம்பி, நான் இந்த லைன்ல முப்பத்தாறுக்கு ஓட்டறேன். விட்டா வேற எவனாவது எடுத்துக்குவான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறேன். உனக்கு எதைன்னு வாங்கிக் கொடுப்பேன்?”

“மூணு வண்டிக்கும் டயர் மாத்தினீங்கன்னு சொன்னாங்களே…”

“மாத்தினேன். இதுலேருந்து கழட்டி அதுல, அதுலேருந்து கழட்டி இதுல. மூணாவது வண்டியை வித்து ரெண்டு மாசமாச்சு. இன்னும் வீட்ல சொல்லலை.”

சின்ன மாப்பிள்ளை இத்தனை வருஷம் ஊதி ஊதி வளர்த்த நெருப்பு, சுடுவதற்கு எதிரே ஆளைக் காணோம். இதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறதே இந்த மனுஷனால் என்று ஓரத்தில் ஒரு சின்ன எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

“பணம் வந்துச்சா?”

“வராது போலிருக்கு. வந்து சொல்றேன்.”

“தெரியும் எனக்கு” என்றாள் அவள். பிறகு, வாய் சும்மா இருக்காதே, “அக்கா வீட்டுக்காரரும் வந்திருந்தாராமே? அவர் எப்படி இருக்கார்?”

சகலையின் சிரிப்பு நின்றுவிட்டது. நைந்த காலருக்கு மேலே அந்த முகம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவருக்கென்ன” என்றார் சின்ன மாப்பிள்ளை, “ராஜா.”