சோடியத்துக்குக் கீழ்வீடு

"ரத்தத்துல பொட்டாசியம் ஏழத் தாண்டியிருக்கு, அஞ்சுக்குள்ள இருக்கணும். வீட்டுல என்ன குடுத்தீங்க?" என்று அவசரப் பிரிவு மருத்துவர் கேட்டபோது, பதில் டீச்சரின் நாக்கு நுனியில் இருந்தது. கட்டிலில் மாமனார் கண்மூடிக் கிடந்தார். காலையில் நாற்காலியிலிருந்து எழுந்தவர், கால் துவண்டு அப்படியே சரிந்துவிட்டார். கணவன் மருந்து வாங்க ஓடியிருந்தான்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் வீட்டிலும் அவள் டீச்சர்தான். கட்டிய கணவனே அப்படித்தான் கூப்பிடுவான். மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, உப்பே கூடாது என்று சொன்னதிலிருந்து சாப்பாட்டு நேரம் என்றாலே வீட்டில் மல்லுக்கட்டுதான். மனிதர் ஒரு வாய் வைப்பார், தட்டைத் தள்ளிவிடுவார். "ஏம்மா, நான் என்ன குத்தம் பண்ணேன்? இதுக்குப் பட்டினியே கெடக்கறேன்" என்பார். ஆள் பாதியாகிவிட்டார். ஊட்டிக் கெஞ்சிப் பார்த்த மகனே கைகழுவிவிட்டான். அவளுக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் கடையில் அந்தப் புட்டி கண்ணில் பட்டது. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழ்வீடு அல்லவா பொட்டாசியம்! ஒரே தொகுதி, வெளிக்கூட்டில் அதே ஒற்றை எலக்ட்ரான். வருடாவருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவாள்: தண்ணீரில் போட்டால் சோடியம் சீறிக்கொண்டு ஓடும், பொட்டாசியம் தானே தீப்பற்றும். கீழே போகப் போக ஆவேசம் கூடும். ஆனால் உப்பாகிவிட்டால் இரண்டும் பரம சாது. இதற்குப் போய் மருத்துவரைக் கேட்பதா, சிரிக்க மாட்டாரா என்று தோன்றியது.

அன்று மாமனார் மூக்குமுட்டச் சாப்பிட்டார். "மகராசி, நீ நல்லா இருக்கணும்" என்று வாயார வாழ்த்தினார்.

இப்போது அந்த உப்பைப் பற்றி அவள் முணுமுணுத்ததும் மருத்துவரின் பேனா நின்றது.

"அவரோட சிறுநீரகத்தால பொட்டாசியத்த வெளிய தள்ள முடியாதும்மா. உள்ளயே சேர்ந்து இதயத்தையே நிறுத்திடும். இத யார் குடுக்கச் சொன்னா?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தது. தான் நடத்திய பாடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ஒரு வரிகூடத் தப்பில்லை. தப்பே இல்லாத பாடத்தை வைத்துக்கொண்டு, வேளாவேளைக்கு, ஆசையாகத் தன் கையாலேயே அல்லவா போட்டுப் பிசைந்து கொடுத்திருக்கிறாள்.

மருந்தோடு வந்த கணவன், "என்னவாம் டீச்சர்? எதனாலயாம்?" என்றான். "பாத்துட்டிருக்காங்க" என்றாள்.

ஊசி மேல் ஊசி போட்டு, சாயங்காலம் மாமனார் கண் திறந்தார். கண்டம் இன்னும் தாண்டவில்லை என்றார்கள். செவிலி ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். மகன் ஒரு கரண்டி ஊட்டினான். கிழவர் முகத்தைச் சுளித்தார்.

"சப்புனு இருக்குடா." கண்கள் மருமகளைத் தேடிப் பிடித்தன. "ஏம்மா, நீ போடுவியே, அந்த உப்பு... கொஞ்சம் கொண்டாந்திருக்கியா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "எந்த உப்பு?" என்று கணவன் திரும்பினான்.

ஊசி செருகி ஒட்டியிருந்த கையை மாமனார் மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் குழித்து அவள் பக்கம் நீட்டினார்.