எச்சரிக்கை வராத ஸ்விட்ச்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு ரெனிதாவின் கைபேசி அலறியது. ஏ ஸ்விட்ச்சில் பிழைகள் வரம்பைத் தாண்டிவிட்டன. டப்பாவை அப்படியே விட்டுவிட்டுக் கண்காணிப்புத் திரைக்கு ஓடினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த டேட்டா சென்டரில்தான் பூந்தமல்லிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்கள் சேமிப்பில் இருந்தன. சேமிப்புப் பெட்டியிலிருந்து படங்கள் வெளியே போக இரண்டே வழி: ஏ, பி என்று இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். வெப்பமோ பிழையோ எந்த அளவைத் தாண்டினால் கைபேசிக்கு எச்சரிக்கை வரவேண்டும் என்று வரம்பு வைத்துக் கவனிப்பது ரெனிதாவின் வேலை.

மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து கனிமொழி கூப்பிட்டாள். மேசைப் போனின் ஸ்பீக்கரில் அவள் குரல் பதறியது.

"படம் திக்கித் திக்கி வருது மேடம். உள்ள மூளை ஆபரேஷன் நடக்குது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துப் பார்த்துத்தான் பண்ணிட்டிருக்கார்."

மேலாளர் ஸ்ரீநாத் ரெனிதாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்" என்று கனிமொழியிடம் சொல்லிவிட்டு ரெனிதாவைப் பார்த்தார். "ஏ-வை நிறுத்திடுங்க. எல்லாம் பி வழியா போகட்டும்."

சரியான முடிவுதான். அவளும் அதைத்தான் செய்திருப்பாள். நிறுத்தும் கட்டளையை அடித்தும் விட்டாள். எண்டரைத் தட்டும் முன் வழக்கம்போல் பி ஸ்விட்ச்சை ஒருமுறை பார்த்தாள். பச்சை. போன மாதத்திலிருந்து அதில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இத்தனை சாதனங்கள் ஓடுகிற ஹாலில் சின்னதாக ஒரு முனகல்கூடவா வராது?

"தட்டுங்க ரெனிதா, எதுக்குக் காத்திருக்கீங்க?"

"ஒரு நிமிஷம் சார்."

பச்சை விளக்கை விட்டுவிட்டு உள்ளே உள்ள எண்ணைத் திறந்தாள். வெப்பம் எழுபத்தெட்டு டிகிரி. எண்பத்தைந்து ஆனால் ஸ்விட்ச் தானாகவே அணைந்துவிடும். அறுபதிலேயே எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். வரம்பைப் பார்த்தாள். தொண்ணூறு என்று இருந்தது.

"சார், இந்த வரம்பை யார் ஏத்தினது?"

ஸ்ரீநாத் குனிந்து பார்த்தார்.

"போன மாசம் ஏசி ரிப்பேர் அப்போ... எச்சரிக்கை ஓயாம அடிச்சிட்டே இருந்துச்சு. நான்தான் ஏத்தினேன். திரும்ப இறக்கணும்னு..."

"இப்ப ஏ-வை நிறுத்தினா, மொத்த பாரமும் பி மேல விழும், அதுவும் எந்த நேரமும் அணையலாம். அப்புறம் அங்க திரையில ஒண்ணுமே இருக்காது சார்."

சர்வர் ஹாலில் டெக்னீஷியன் ஜெர்வின் இருந்தான். மண்ணூர்பேட்டைக்காரன். அவனுக்குப் போன் போட்டாள்.

"ஜெர்வின், பி ஸ்விட்ச் பின்னாடி கை வச்சுப் பாரு."

"யம்மா! தோசக்கல்லு மாரி கீதுக்கா. ஒரு ஃபேன் சுத்தவே இல்ல."

"ஸ்டோர்ல புது ஃபேன் இருக்கு. ஸ்விட்ச்சை நிறுத்தாம மாத்தணும். முடியுமா?"

"மாத்தலாம். ஆனா பழச உருவுனா அந்த ஓட்டையால காத்து வீணாப் பூடும், சூடு இன்னும் ஏறுமே, இன்னாக்கா பண்றது?"

"ஏறும். சீக்கிரம் மாத்து."

ஸ்பீக்கரில் கனிமொழி இன்னும் காத்திருந்தாள். ஸ்ரீநாத் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதாவது சமாளிப்பார் என்றுதான் ரெனிதா நினைத்தாள்.

"கனிமொழி, எங்க பக்கம் ரெண்டு வழியுமே சரியில்ல. படம் மொத்தமா நின்னாலும் நிக்கலாம். டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. வேண்டிய படங்களை அங்கேயே ஒரு கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கட்டும்."

மறுமுனையில் கனிமொழி யாரையோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுவது கேட்டது.

ஜெர்வின் பழைய ஃபேனை உருவினான். எண் எண்பது ஆனது. எண்பத்தொன்று.

"மாட்ட மாட்டேங்குதுக்கா, இடிக்குது!"

"தலைகீழா இருக்கா பாரு!"

எண்பத்துமூன்று. ஸ்ரீநாத் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தார். ரெனிதாவின் உதடுகள் ஓசையில்லாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தன. எண் எண்பத்துநான்கைத் தொட்டு நின்றது.

"மாட்டிகிச்சு! சுத்துது, சுத்துது!"

எண்பத்துமூன்று. எண்பது. எழுபத்துநான்கு. அறுபதுக்குக் கீழே இறங்கும்வரை அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகுதான் ஏ-வை நிறுத்தினாள்.

"இப்ப படம் நல்லா வருது மேடம்" என்றாள் கனிமொழி. நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டு, ஆபரேஷன் முடிந்தது, நோயாளி நன்றாக இருக்கிறார் என்றாள்.

ஸ்ரீநாத் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ரெனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் ஏத்தின வரம்பு எல்லாத்தையும் இறக்கிடலாம்."

"இனிமே யார் ஏத்தினாலும் ரெண்டு நாள்ல தானா பழைய அளவுக்குத் திரும்புற மாதிரி வச்சிடறேன் சார்."

"நான் ஏத்தினாலும்" என்றார் அவர்.

வரம்புகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். மூன்றாவதை இறக்கியதுமே இருவர் கைபேசிகளும் ஒருசேர அலறின. வேறொரு ஸ்விட்ச்சில் மின்சாரப் பெட்டி பழுதாகிச் சூடேறிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ. ஸ்ரீநாத் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"ஜெர்வினை அங்கேயே இருக்கச் சொல்லுங்க. நானும் வர்றேன்."