கீழே இருந்த பட்டையைக் காணோம்

நான்தான் ஒளிச்சு வெச்சேன். அதுல எனக்கு வெக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. என் இடத்துல நீங்க இருந்திருந்தா அந்தக் கம்ப்யூட்டரையே மாடியிலேர்ந்து தள்ளி விட்டிருப்பீங்க.

எங்க வீட்டுக்காரர் பஸ் நிலையத்துல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டி வர்ற நேரம், போற நேரம் பாத்து விசில் ஊதி அனுப்பறதுதான் வேலை. யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிறுத்தி வெச்சது கெடையாது. பொண்ணு என் வயித்துல இருந்தப்ப, ஏழு மாசம், ரெண்டு கையிலயும் பையோட நான் ஓடி வர்றேன். என்னைப் பாத்துக்கிட்டே விசில் ஊதினார், மகானுபாவன்! வண்டி போயிடுச்சு. ராத்திரி கேட்டா, "நீ லேட்டு"ன்னார். செத்தாலும் அதை நான் மறக்க மாட்டேன்.

ரிட்டயர் ஆனா திருந்துவார்னு பாத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஹால்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வீட்டையே பஸ் ஸ்டாண்டு ஆக்கிட்டார். சுவர்க் கடிகாரம் பொய் சொல்லுதாம். போன்ல எழுத்து பொடியா இருக்காம். கம்ப்யூட்டர் திரையில கீழே ஒரு பட்டை ஓடுதே, டாஸ்க்பார்னு, அதோட மூலையில தெரியற மணிதான் சத்தியமாம். அதைப் பாத்துப் பாத்துக் கத்துவார். "எட்டு பத்து! பால் இன்னும் காயலை!" "ஒம்போது நாப்பது! குளிக்கப் போனவளைக் காணோம்!" மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப, "வாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி "பதினேழு நிமிஷம் லேட்டு"ன்னு சொன்ன மனுஷன்.

தலையெழுத்துன்னு பொறுத்துட்டுத்தான் இருந்தேன். ஆனா இந்த வயசுல எனக்கு ஒரு வேலை வர்ற மாதிரி இருந்துச்சு. என் வாழ்க்கையில முதல் வேலை. கதைகளை வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்கணும். ஒரு முழுக் கதையை மாதிரிக்கு அனுப்பச் சொன்னாங்க. படுக்கையறைக் கதவைச் சாத்தி, போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசிச்சு போன்ல பதிவு பண்ணேன். எத்தனை தடவை அனுப்பினாலும் திரும்பி வந்துச்சு. "குரல் அருமையா இருக்கும்மா. ஆனா பின்னாடி யாரோ மணி சொல்லிட்டே இருக்காங்க. கதையில வர்ற பொண்ணு அழற இடத்துல 'பதினொண்ணு இருவது'ன்னு கேக்குது"ன்னா அந்தக் கம்பெனிப் பொண்ணு. "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துடுவாங்கம்மா."

"நான் வாசிக்கறப்ப கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன்"னு கெஞ்சினேன். சரின்னுதான் சொல்வார். மணி மாறினதும் வாய் தன்னால தெறந்துக்கும்.

பொண்ணுகிட்ட போன்ல அழுதேன். அவதான் வழி சொன்னா. பட்டை மேல மவுஸை வெச்சு வலது பட்டனை அமுக்கும்மா, செட்டிங்ஸுக்குப் போ, தானா மறையற மாதிரி ஒரு டிக் போடு, அவ்வளவுதான். அவர் குளிக்கப் போன நேரம் பாத்துப் போட்டேன். பட்டை சமத்தா கீழே இறங்கிப் போச்சு. மணியும் அதோட போச்சு.

தலையைத் துவட்டிக்கிட்டே வந்து பாத்தார். "அய்யய்யோ, கீழே இருந்த பட்டையைக் காணோம்!" மேசைக்கு அடியிலகூடக் குனிஞ்சு தேடினார். எனக்கு அடக்க மாட்டாத சிரிப்பு. அடுப்படிக்கு ஓடிட்டேன்.

மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். உள்ள கால் வெக்கறதுக்குள்ள, "பத்து மணின்னீங்க, இப்ப பத்தே முக்கால்"னார் இவர். பட்டை போயும் பழக்கம் போகலையேன்னு நெனைச்சுக்கிட்டேன். ரிப்பேர்காரர் மவுஸைக் கீழே இழுத்ததும் பட்டை மெல்ல எட்டிப் பாத்துச்சு. நல்லவேளை, இவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இருந்தார். நான் இவருக்குப் பின்னாடி நின்னு ரிப்பேர்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பாத்தார், இவரைப் பாத்தார். "உள்ளுக்குள்ள கோளாறு சார். பார்ட்ஸ் வரணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். புண்ணியவான்!

சாயந்தரம் இவர் கூப்பிட்டு மாப்பிள்ளை வந்தார். அவரைக் கும்பிடவே வேண்டியதில்லை. "குடிக்கத் தண்ணி குடுங்க மாமா"ன்னு இவரை உள்ள அனுப்பிட்டு, மவுஸை ஆட்டிப் பாத்தார், பட்டை ஒளிஞ்சிருக்கறது புரிஞ்சு போச்சு. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. இவர் திரும்பி வந்ததும், "கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு மாமா. இனிமே அதுகிட்ட மணி கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது"ன்னார். பதினேழு நிமிஷத்துக்கும் வட்டியோட வாங்கிட்டார்.

வீடு கப்சிப்னு ஆயிடுச்சு. மனுஷன் தன் பாட்டுக்கு உக்காந்திருந்தார், வாயே தெறக்கலை. பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆனா பாவம் பாத்தா வேலை போயிடுமே, மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போர்வைக்குள்ள உக்காந்தேன். அதே கதைதான். கடல் தாண்டிப் போற அப்பாவைக் கடைசியா ஒரு தடவை பாக்கணும்னு ஒரு பொண்ணு ஓடி வர்றா. அவ கண்ணு முன்னாடியே அவர் ஏறின பஸ் கெளம்பிடுது. அதுக்கப்புறம் அவரை அவ பாக்கவே இல்லை. ஹால்லேர்ந்து ஒரு சத்தம் இல்லை. வாசிச்சு முடிச்சு, போர்வையை உதறிட்டுக் கதவைத் தெறந்தா, கதவை ஒட்டினாப்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார்.

"ஐயோ, அஞ்சுக்குள்ள அனுப்பணுமே, மணி என்னாச்சோ!" போன் கையில இருக்கறதே மறந்து போய்ப் பதறினேன்.

"நாலு நாப்பத்திரெண்டு. நேரம் இருக்கு, அனுப்பு."

அனுப்பினேன். கம்பெனிப் பொண்ணு உடனே அந்த அழற இடத்தைக் கேட்டுட்டா போல. "இப்ப சுத்தமா இருக்கும்மா, வேலை உங்களுக்குத்தான்"னு பதில் வந்துச்சு. எனக்குத் தலைகால் புரியலை. அப்புறம்தான் உறைச்சுது.

"உங்களுக்கு எப்படிங்க மணி தெரிஞ்சுது?"

ஹால் பக்கம் கையைக் காட்டினார். மவுஸைக் கீழே இறக்கி வெச்சிருக்கார். பட்டை குத்துக்கல்லாட்டம் நிக்குது, மூலையில மணி. கிட்டத்துல போன் எழுத்துதான் அவருக்குத் தெரியாது, தூரத்துல வர்ற பஸ் நம்பர் எல்லாம் படிச்சுடுவாரே!

"இது எப்பலேர்ந்து தெரியும்?"

"காணாம போன அன்னைக்கு சாயந்தரமே. மவுஸ் கை தவறிக் கீழே போச்சு, பட்டை எந்திரிச்சு நின்னுது."

"அப்ப எதுக்கு அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டீங்க?"

"யாரு யாரு எனக்கு எதிரா இருக்கீங்கன்னு தெரிய வேண்டாமா? ரிப்பேர்காரர் சுமாராத்தான் பொய் சொல்றார். மாப்பிள்ளை பரவாயில்லை, நல்லா வருவார்."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. "மணி தெரிஞ்சும் இந்த வாய் எப்படி மூடிட்டு இருந்துச்சாம்?"

துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார்.

"கத்தறதை நிறுத்தினப்புறம்தான் நீ வாசிக்கறது காதுல விழுந்துச்சு. பாவம்டி அந்தப் பொண்ணு. நானா இருந்தா வண்டியை ரெண்டு நிமிஷம் நிறுத்தி வெச்சிருப்பேன்."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "ஓகோ! கட்டின பொண்டாட்டி வயித்தைத் தள்ளிக்கிட்டு ஓடி வந்தப்ப நிறுத்தலை, கதையில வர்றவளுக்கு நிறுத்துவீங்களோ?"

"உனக்கும் நிறுத்தியிருக்கலாம்தான்"னார், என் முகத்தைப் பாக்காம.

போய் அந்த டிக்கை எடுத்து விட்டேன். பட்டை பழையபடி வந்து உக்காந்துக்கிச்சு. அவர் மணியைப் பாத்தார். வாயைத் தெறந்தார். என்னைப் பாத்ததும் மூடிக்கிட்டார்.

"சொல்லித் தொலைங்க"ன்னேன்.

"நாலு அம்பத்தொண்ணு"ன்னார், மெதுவா.